சோறும் சேறும்: எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து உணவாய்வைப் பார்த்தல்

(திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உள்ள வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை அந்தப் பெயரால் சொல்வது குறைவு. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் பட்டினியோடு நகருக்கு வந்து சேர்ந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அந்த மருத்துவமனை. ஸ்டான்லி என்ற ஆளுநரின் பெயர் வந்தது 1930களில்தான். அதற்குப் பிறகும் மக்கள் நாக்கில் நின்றது கஞ்சித்தொட்டிதான். வடசென்னையில் நோயும் பசியும் ஒரே வாசலில் வரிசையில் நின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எங்களுக்குத் தெரியாது. அந்த வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளாகத்தான் நாங்கள் இங்கே பேசுகிறோம்.

'நீடித்த உணவு உற்பத்தியும் உணவுக்கான அணுகலும்' என்பது இன்று பல்கலைக்கழகங்களில் பெரிய ஆய்வுத் துறை. கருத்தரங்கம், நிதி நல்கை, முனைவர் பட்டம் எல்லாம் உண்டு. இங்கு வந்திருக்கும் மாணவர்களில் சிலர் அந்தத் துறையிலேயே ஆய்வு செய்கிறீர்கள். அந்த ஆய்வுகள் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அவை எங்கிருந்து பார்க்கின்றன, யாரைப் பார்க்காமல் போகின்றன என்று கேட்க வந்திருக்கிறோம்.

முதலில் 'அணுகல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1996இல் ரோம் நகரில் கூடிய உலக உணவு உச்சிமாநாடு உணவுப் பாதுகாப்புக்கு ஒரு வரையறை தந்தது. எல்லா மக்களுக்கும் எல்லா நேரத்திலும் போதிய, பாதுகாப்பான, சத்தான உணவை உடல்ரீதியாகவும் பொருளாதாரரீதியாகவும் பெற வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உடல்ரீதி என்றால் உணவு கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது. பொருளாதாரரீதி என்றால் வாங்கக் காசு இருப்பது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2001இல்தான் இதில் 'சமூகரீதியாகவும்' என்ற சொல்லைச் சேர்த்தது. கையில் காசு இருக்கிறது, எதிரே கடை இருக்கிறது, ஆனாலும் வாங்க முடியாத மனிதர்கள் உண்டு என்பது உலக அறிஞர்களுக்கு அப்போதுதான் எட்டியது.

இரட்டைமலை சீனிவாசன் இதை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் சொல்லிவிட்டார். பொதுத் தெரு, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதற்குள்ளும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையாகவும் ஆனது. அதைக் குடியுரிமைத் தீர்மானமாக மட்டுமே நாம் படித்துவந்திருக்கிறோம். உணவுத் தீர்மானமாகவும் படிக்க வேண்டும். தெருவில் நடக்க முடியாதவர் சந்தைக்கு எப்படிப் போவார்? கிணற்றில் இறைக்க முடியாதவர் எந்தத் தண்ணீரில் உலை வைப்பார்? ரோம் வரையறை அந்த ஒரு சொல்லைச் சேர்க்க 77 ஆண்டுகள் பிந்தியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆய்வு என்பது ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை, சேரியிலும் நடந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

அமர்த்தியா சென் 1981இல் வறுமையும் பஞ்சமும் பற்றிய நூலை எழுதினார். நாட்டில் உணவு இல்லாததால் மட்டும் மக்கள் சாவதில்லை, இருக்கும் உணவின் மேல் உரிமை கொள்ள வழி இல்லாதபோது சாகிறார்கள் என்று நிறுவினார். சென்னைக்கு இது பழைய சங்கதி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருசப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அதே காலத்தில் சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்திறங்கிய தானியம் குவிந்து கிடந்தது. நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவருக்கு ஒரு நாள் முழுக்க மண் சுமந்தால் ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு மனிதர் உயிரோடிருக்க எவ்வளவு தானியம் போதும் என்று அரசு அப்போது பரிசோதனையே செய்து பார்த்தது. இந்தக் கூலியில் உடல் தாங்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதுவும் ஆய்வுதான், இதுவும் ஆய்வுதான். யாருடைய பக்கம் நின்று அளக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

அந்தக் கூலிக்குத் தோண்டப்பட்டதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. சுமார் எட்டுக் கிலோமீட்டர். நம் பக்கத்தில் ஓடும் வடபகுதி அதற்கும் மூத்தது, 1806 வாக்கில் எண்ணூர் வரை வெட்டிய காக்ரேன் கால்வாய். இந்தக் கால்வாய் மறுபடியும் வரும், நினைவில் வையுங்கள்.

பஞ்சம் முடிந்தது. பஞ்சத்தில் அதிகம் செத்தது யார் என்ற கேள்வி முடியவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை இன்றைய எந்த உணவாய்வுக்கும் குறைந்ததல்ல. நிலமில்லாமை, கடனடிமை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை என்று காரணங்களை அவர் அடுக்கினார். வானம் பொய்த்ததை அவர் முதற்காரணமாகச் சொல்லவில்லை. அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் என்னவாயின என்று உங்களுக்குத் தெரியும். 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியவர்கள் மீது செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம்.

இதை ஏன் உணவைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறோம்? நீடித்த வேளாண்மை பற்றிய கட்டுரைகளில் மண்ணின் கரிமச்சத்து, நீர்ச் சிக்கனம், விதைப் பன்மை எல்லாம் வருகின்றன. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற பத்தி அபூர்வமாகத்தான் வருகிறது. தொழுவுரம் இட்டாலும் யூரியா இட்டாலும் பட்டா மாறுவதில்லை.

இந்த இடத்தில் பசுமைப் புரட்சியையும் தொட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பெயர் 1968 மார்ச்சில் ஓர் அமெரிக்க அதிகாரியின் உரையில் பிறந்தது. அதே 1968இல், டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். தஞ்சை மாவட்டம் 1960களின் தொடக்கத்திலேயே தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் ஒன்று. விளைச்சல் கூட வேண்டும் என்பதில் அரசுக்கும் மிராசுதாருக்கும் விஞ்ஞானிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அறுத்துக் கொடுத்தவர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டபோதுதான் வேறுபாடு வந்தது. பசுமைப் புரட்சி மண்ணைக் கெடுத்தது என்று இன்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் அதற்கு முன்பிருந்த ஊரைப் பொற்காலமாக எழுதும்போது எங்களுக்கு நெருடுகிறது. மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் நட்டு, களை எடுத்து, விதைக்குக் கதிர் பொறுக்கி வைத்த பெண்களுக்கு அந்தப் பாரம்பரியம் பண்ணையடிமை முறையாகத்தான் இருந்தது. ஒரு கூடுதல் செய்தி: தண்டையார்பேட்டைத் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழும் கருவாடும் சுமை தூக்குபவரின் காலை உணவு. அதே கேழ்வரகு அழகான பையில் ஏறிச் சிறுதானியமாக மாறியதும் அவரால் தொட முடியாத விலைக்குப் போய்விட்டது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தள்ளுவண்டிக்காரரை யாரும் மேடைக்கு அழைத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

நிலத்தை விட்டு வந்தவர்கள், விரட்டப்பட்டவர்கள், துறைமுகத்துக்கும் ரயிலடிக்கும் மில்லுக்கும் தோல் ஷாப்புக்கும் உப்பளத்துக்கும் வந்தார்கள். அவர்களில் பலர் இன்று இந்த அரங்கத்தில் இருப்பவர்களின் பாட்டன் பாட்டிகள். நகரத்துக்கு வந்ததும் உணவை உற்பத்தி செய்பவர் என்ற பெயர் நம்மிடமிருந்து போய்விட்டது, வாங்கித் தின்பவர் ஆகிவிட்டோம் என்று பொதுவாக நினைக்கிறோம். எண்ணூருக்குப் போனால் அது உண்மையில்லை என்று தெரியும்.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். தெற்கு வடக்காகப் பக்கிங்காம் கால்வாய் அதைக் குறுக்கே வெட்டிப் பழவேற்காடு ஏரி வரை போகிறது. கடல் நீர் ஏறும், ஆற்று நீர் இறங்கும். இரண்டும் கலக்கும் உவர்நீரில் இறால் குஞ்சு வளரும், மடவை மேயும், அலையாத்தி வேரடியில் நண்டு வளை தோண்டும். இறால் கடலில் முட்டையிட்டாலும் குஞ்சுப் பருவத்தில் கழிமுகத்துக்குள் வந்துதான் உடம்பு தேற்றிக்கொள்கிறது. ஆகவே கழிமுகம் கெட்டால் காசிமேட்டில் வந்திறங்கும் இறாலும் குறையும். நாம் சேறு என்று முகம் சுளிக்கும் இடம்தான் கடலுக்குத் தொட்டில்.

அந்தச் சேற்றில் மூன்று விதமான மக்கள் உழைக்கிறார்கள். படகும் வலையும் கொண்ட மீனவர்கள் ஒரு பிரிவு. படகில்லாமல் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் சில சேரி மக்களும் இன்னொரு பிரிவு. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவுவார்கள். டீசல் வேண்டாம், வலை வேண்டாம், குஞ்சு அழியாது, வேண்டாத மீன் சாகாது. நீடித்த உற்பத்தி என்று பாடநூல் எழுதுவதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. பிடித்ததை விற்கும், காய வைக்கும், கூடையில் சுமந்து தெருத்தெருவாகப் போகும் பெண்கள் மூன்றாவது பிரிவு. நகரத்தின் ஏழைகளுக்கு மலிவான புரதத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

இந்தக் கழிமுகத்தின் மேல்தான் அனல் மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும் எண்ணெய்க் குழாய்களும் வந்து உட்கார்ந்தன. வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக ஆற்றைக் கடந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் துருப்பிடித்து உடைந்த இடமெல்லாம் சாம்பல் கொட்டியது. சேற்றின் மேல் சாம்பல் படிந்தால் புழு மூச்சுவிட முடியாது. புழு போனால் இறாலுக்குத் தீனி இல்லை. ஆழம் குறைந்தால் கடல் நீர் உள்ளே ஏறாது. ஆலைகள் கடல்நீரை இழுத்துக் கொதியாறாமல் திருப்பி விடுவது தனிக்கதை. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிக் கழிமுகத்தை மீட்கச் சொன்னது. அதற்கு முன் 2017இல், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்காக வரையப்பட்ட ஒரு வரைபடத்தில் கழிமுகமே காணாமல் போயிருந்தது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. 1996 வரைபடத்தில் அது இருந்தது. நிலத்தைப் பிடுங்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை, வரைபடத்தில் நிறத்தை மாற்றினால் போதும் என்பதைப் பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2017 ஜனவரி 28இல் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்தை மூடியது. கால்வாய் மறுபடியும் வரும் என்று சொன்னோமே, இதுதான். அப்போதும் வாளிதான், குவளைதான். ஆறாண்டில் மாறியது தேதி மட்டும். அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். உரம் எதற்கு? உணவு உற்பத்திக்கு. எங்கோ இருக்கும் வயலின் விளைச்சலுக்கு எண்ணூரின் நுரையீரல் கட்டணம் கட்டுகிறது. ஒரு மூட்டை யூரியாவின் விலையில் இந்தக் கணக்கு எந்த ஆய்வில் ஏறியிருக்கிறது?

எண்ணெய்க் கசிவுக்குப் பின் அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய், படகைச் சரிசெய்யத் தனித்தொகை. தொகை பெரிதா சிறிதா என்பது இருக்கட்டும். 'மீனவர்' யார் என்று ஒரு படிவம் தீர்மானிக்கிறது என்பதைக் கவனியுங்கள். படகுக்கு எண் உண்டு, எண்ணலாம். வலையை எண்ணலாம். கூட்டுறவுச் சங்க உறுப்பினரை எண்ணலாம். பத்து விரலால் சேற்றைத் தடவுகிறவருக்கு எந்தப் பதிவெண் இருக்கிறது? அவருடைய கருவி அவர் உடம்பு. எண்ணெய் படிந்தது அதன் மேல்தான்.

இப்போது எங்களுக்கே சங்கடமான ஒரு விஷயத்துக்கு வருகிறோம். மீனவர் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள், உரிமையோடுதான் சொல்கிறோம்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்று இந்தக் குழு, நாளை அந்தக் குழு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். ஒரே இடத்தில் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொள்வதில்லை, மீனும் ஒட்ட அள்ளப்படுவதில்லை. பொதுவளத்தை மக்களே ஆண்டுகொள்வதற்குச் சிறந்த சான்று என்று இந்தப் பாட்டு முறையை உள்நாட்டு வெளிநாட்டு ஆய்வாளர்கள் விரித்து எழுதியிருக்கிறார்கள். பொதுவளத்தை அரசோ தனியாரோதான் காக்க முடியும் என்ற வாதத்தை உடைத்ததற்காக எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் அல்லவா, அந்தச் சிந்தனைக்கு நம் ஊர்ச் சாட்சி இது.

ஆனால் பாட்டில் சீட்டுப் போட யாருக்கு உரிமை? பட்டினவர் சாதியில் பிறந்து தலைக்கட்டாகப் பதிந்த ஆணுக்கு. ஏரிக்கரையிலேயே தலைமுறையாக வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் சீட்டு இல்லை. பெண்ணுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதியில் விலை ஏறிய பிறகு, வயல் வேலை இல்லாமல் போன சேரி மக்களும் ஏரியில் இறங்கினார்கள். மோதல் வந்தது. சேரா கூல்தார்ட் போன்றவர்கள் இதையும் எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் மேற்கோள்களில் பயணம் போவது அழகான பாதி மட்டும். 'மரபறிவு', 'சமூக மேலாண்மை' என்று கட்டுரைக்குக் கட்டுரை பாடு வாழ்கிறது. சீட்டில்லாதவர் அடிக்குறிப்பில் நின்றுவிடுகிறார்.

'பொறம்போக்கு' என்ற சொல்லை வசையிலிருந்து மீட்டு, எல்லோருக்குமான நிலம் என்று எண்ணூரை முன்வைத்து 2017இல் பாட்டுப் பாடினார்கள். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடியது. நல்ல வேலை, நாங்களும் பகிர்ந்தோம். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பொது என்று எழுதப்பட்ட எதுவும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. ஊர்ப் பொதுக்கிணறு இருந்தது, மேய்க்கால் இருந்தது, ஏரி மீன் குத்தகை இருந்தது. அதற்காகத்தானே 1924இல் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. ஆலையின் கையிலிருந்து கழிமுகத்தை மீட்க மீனவரோடு தோளோடு தோள் நிற்போம். மீட்ட பிறகு சீட்டில் எங்கள் பெயரும் இருளர் பெயரும் பெண்கள் பெயரும் இருக்குமா என்பதை இப்போதே, போராட்டத்துக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும். ஒற்றுமைக்குப் பிறகு பார்க்கலாம் என்பது நமக்குப் பழகிய பதில்.

மாணவர்களுக்கு நாங்கள் சொல்ல வந்த முக்கியமான சிக்கல் இனிமேல்தான்.

எண்ணூர்ச் சேற்றிலும் மீனிலும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்கின்றன என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. இன்னும் வர வேண்டும். நல்லது. ஆனால் அந்த முடிவு செய்தித்தாளில் வந்த மறுநாள் என்ன நடக்கிறது? ஆலையின் உற்பத்தி ஒரு யூனிட்கூடக் குறைவதில்லை. கூடைக்காரப் பெண்ணின் நண்டு விலைபோவதில்லை. 2023 கசிவுக்குப் பிறகு ஆழ்கடலில் பிடித்த மீனையே எண்ணெய் மீன் என்று சொல்லி மக்கள் ஒதுக்கினார்கள். விஷத்தைக் கொட்டியவருக்கு நோட்டீஸ், அதைச் சுமந்தவருக்குத் தண்டனை. 'எங்கள் மீனைப் பற்றி எழுதாதே' என்று குப்பத்துப் பெண்கள் ஆய்வாளரிடம் சண்டைக்கு வந்தால் அது அறியாமை இல்லை. அறிவு சந்தைக்குள் எந்த வழியாக நுழையும், யார் தலையில் விழும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதற்காக உண்மையை மூடிவைக்கவும் முடியாது. விற்காத நண்டை அந்த வீட்டுக் குழந்தைதான் தின்கிறது. வாங்கும் வீடும் பெரும்பாலும் நம் வீடுதான், ஆழ்வார்பேட்டை இல்லை. ஆகவே ஆய்வின் முடிவு முதலில் போக வேண்டிய இடம் அந்தக் குப்பமும் அந்தச் சேரியும். தமிழில், படித்துக் காட்டி, எந்த மீன், எந்த இடம், எந்தப் பருவம், எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 'எண்ணூர் மீன் ஆபத்து' என்று மொத்தமாகப் பூசக் கூடாது. முடிவை வெளியிடும் அதே நாளில் இழப்பீட்டுக்கான மனுவும் தயாராக இருக்க வேண்டும், அதில் ஆய்வாளரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கட்டுரை அச்சானதும் ஆய்வாளருக்குப் பதவி உயர்வு, பெண்ணுக்குக் காலிக் கூடை என்றிருந்தால் டெம்பிளின் தராசுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

தட்டுக்கு வருவோம். இங்கே சுருக்கமாகச் சொல்லிப் போகிறோம், தெரிந்த கதைதான். புவி வெப்பத்தைக் குறைக்கச் சிவப்பு இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்று 2019இல் ஈட்-லான்செட் ஆணையம் உலகுக்குப் பரிந்துரைத்தது. நாள்தோறும் பெரிய மாட்டிறைச்சித் துண்டு தின்னும் நாடுகளுக்கு அது சரியான அறிவுரை. அதை இங்கே கொண்டுவந்து, 'பார்த்தாயா, எங்கள் சைவமே அறிவியல்' என்று மார்தட்டுவது வேறு காரியம். பெரம்பூர் இறைச்சிக் கூடத்தைச் சுற்றியுள்ள மக்கள் கறி மட்டுமல்ல, குடல், ஈரல், தலை, கால், இரத்தம் எதையும் வீணாக்காமல் தின்பவர்கள், மிஞ்சியதை உப்புக்கண்டமாகக் காய வைப்பவர்கள். கழிவே இல்லாத உணவுமுறை என்று இதை யாரும் ஆய்வுக்கட்டுரை எழுதுவதில்லை, நாற்றம் என்று எழுதுவார்கள். 2017 மே மாதம் கால்நடைச் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்க ஒன்றிய அரசு கொண்டுவந்த விதி சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்துதான் வந்தது என்பதை மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரே வாரத்தில் தடை விதித்தது. சூழலியல் என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் கைதட்ட வேண்டும்.

அரசுத் திட்டங்களில் தமிழ்நாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. சில ஆண்டுகளில், செலவைக் காட்டி வெள்ளை அரசு நிறுத்தியது. பிறகு காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம், அதுவும் ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு கிழிக்காத பொது விநியோகம். இதைக் கேலி செய்பவர்களோடு எங்களுக்குப் பேச்சில்லை. அந்த அரிசி இல்லாமல் கரோனாக் காலத்தில் வடசென்னை என்ன ஆகியிருக்கும் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறுவதில்லை. மதிய உணவில் முட்டை இருக்கிறது, காலையில் உப்புமா, கிச்சடி போன்றவைதான். இனி அரிசியைத் தாண்டிப் பருப்பு, முட்டை, மீன், கறி என்று கேட்க வேண்டிய கட்டம். சமைக்கும் கையைப் பற்றியும் கேட்க வேண்டும். 2018இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. ரோம் வரையறையில் 2001இல் சேர்ந்த அந்தச் சொல் அவிநாசிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக ஒரு வேலை. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு மூன்று இடங்களிலும் ஓர் உணவுக் கணக்கெடுப்பை நம் மாணவர்களே செய்ய வேண்டும் என்று எங்களுக்குள் பேசியிருக்கிறோம். வழக்கமான படிவத்தில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள், மாத வருமானம் எவ்வளவு என்று இருக்கும். அவை இருக்கட்டும். கூடவே சில கேள்விகள் வேண்டும். பாட்டனுக்கு எந்த ஊரில் நிலம் இருந்தது, அது யார் கைக்குப் போனது? கழிமுகத்தில் எந்த இடத்தில் இறங்குவீர்கள், எந்த ஆண்டிலிருந்து இறங்க முடியவில்லை? வாங்கும் மீன் எந்தத் தண்ணீர் மீன் என்று கேட்பீர்களா? கறிக்கடைக்குப் போகும்போது பையை மறைத்து எடுத்து வருகிறீர்களா, யாருக்குப் பயந்து? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர் தட்டில் என்ன மிஞ்சியிருக்கும்? குடியிருப்புக்குப் பக்கத்தில் கொடுங்கையூர் குப்பை மேடு போல நகரம் தின்று போட்டது எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது?

படிவத்தை நிரப்புபவரின் பெயருக்கு மேலே, தகவல் தந்தவரின் பெயரை, அவர் சம்மதித்தால், ஆய்வாளர் என்றே எழுதுவோம். நிரப்பிய தாள்களின் ஒரு படி அந்தந்தக் குப்பத்திலும் சேரியிலும் உள்ள படிப்பகத்தில் இருக்கும். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வாருங்கள். மழைக்கு முன் தொடங்கினால்தான் சேற்றில் இறங்கிப் பார்க்க முடியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.